நீலத் தார்ப்பாய்

செல்லியம்மன் தோட்டம் என்ற குடிசைப் பகுதியில் மழை பெய்தால் முதலில் ஒழுகுவது கனகராஜ் வீடு. கால்வாய்க் கரையில் கடைசிக் குடிசை. கூரை ஓலை. ஓலையின் மேல் பழைய சினிமா பேனர்த் துணி. துணி பறக்காமல் இருக்கக் கற்கள். ஜூன் மாத வெள்ளத்தில் துணி போய்விட்டது. கற்கள் இருந்தன.

அக்டோபரில் தேர்தல் வந்தது. மாநகராட்சிக்குத் தேர்தல் நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கவுன்சிலர் என்பவர் என்ன செய்வார் என்று தோட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. யாரை நம்பக் கூடாது என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கனகராஜைச் சுயேச்சையாக, தையல் மிஷின் சின்னத்தில் நிறுத்தியது தோட்டத்து ஜனங்கள்தான். அவன் மீன்பாடி வண்டி, மூன்று சக்கரச் சரக்கு வண்டி, மிதிக்கிறவன். தி. நகர் ஜவுளிக்கடைகளுக்கு மூட்டை ஏற்றிப் போவான். வெள்ள நிவாரணம் கொடுத்தபோது அவன் வீட்டுக்குத் தவறுதலாக இரண்டு அரிசி மூட்டை வந்தது. ஒன்றை வண்டியில் போட்டு நிவாரணம் கொடுத்த இடத்துக்கே மிதித்துக்கொண்டு போனான். திரும்ப வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்து கொடுத்துவிட்டு வந்தான்.

"கேனயா கீறான்னு அன்னிக்கி சிரிச்சேன்," என்றாள் தாயம்மா. "இந்த வேலைக்கி கேனதான் வேணும்."

தாயம்மா தெருமுனையில் மீன் விற்பவள். விடிவதற்குள் நொச்சிக்குப்பம் போய்க் கூடையோடு வந்துவிடுவாள். தோட்டத்துப் பெண்கள் அவள் சொல்வதைக் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் அவள் சொல்வாள்.

பெரிய கட்சியின் வேட்பாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். கார் சாலையில் நின்றது. அவர் தோட்டத்து முகப்புவரை நடந்து வந்து கை கூப்பினார். அதற்கு மேல் சேறு.

"இன்னா அங்கயே நின்னுக்கினே? உள்ள வா நைனா," என்றாள் தாயம்மா.

"மழை வர்ற மாதிரி இருக்கும்மா."

"வந்தா நனைவோம். எங்களுக்கு வேற இன்னா வேல கீது."

அவர் சிரித்தார். தன் செருப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டார். தாயம்மாவும் அந்தச் செருப்பைப் பார்த்தாள்.

"ஓட்டு கேக்க வந்தப்பவே உள்ள வரல," என்றாள் அவர் போன பிறகு. "ஜெயிச்சா இந்தப் பக்கம் மூச்சு வுட மாட்டான்."

பெண்கள் ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் ஆள் பார்த்தது அப்படித்தான். செருப்பைப் பார்த்தார்கள். குரலைக் கேட்டார்கள். எல்லாவற்றையும்விட வீட்டைப் பார்த்தார்கள். கனகராஜ் வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. கால்வாய்ப் பக்கம் ஒதுங்கப் போகிறவர்கள் தினமும் அதைத் தாண்டித்தான் போனார்கள்.

மறுநாள் கட்சிக்காரர்கள் டெம்போவில் தார்ப்பாய் கொண்டுவந்தார்கள். புதுசு. பளிச்சென்ற நீலம். வீட்டுக்கு ஒன்று என்றார்கள். மழை இன்னும் ஆரம்பிக்கவில்லை. வானம் இரண்டு நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் டெம்போவைச் சுற்றி நின்றார்கள். யாரும் கை நீட்டவில்லை. யாரும் போகவும் இல்லை.

கனகராஜ் வந்தான். மேடைப் பேச்சு அவனுக்கு வராது.

"வாங்காதீங்க," என்றான். "இத்த வாங்கிக்கினு அப்பால அவன இன்னான்னு போய் கேப்பீங்க?"

"ஒயுகுதேப்பா," என்றாள் ஒருத்தி.

"எனக்கும்தான் ஒயுகுது. எங்கூட்டப் பாரு. நான் வாங்கறனா?"

அவர்கள் அவன் வீட்டைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக நகர்ந்தார்கள். டெம்போ பக்கத்திலிருந்த பிள்ளையார் தோட்டத்துக்குப் போனது. அன்று சாயங்காலம் அங்கே கூரையெல்லாம் நீலமாக இருந்தது. இங்கே எப்போதும் போல் கறுப்பு.

கனகராஜின் மனைவி தங்கபுஷ்பம் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்தாள். இடுப்பில் மகள் ஹம்சா. ஆறு வயது. இடுப்பில் தூக்குகிற வயதில்லை, தூக்குகிற எடைதான். பிறந்ததிலிருந்து இளைப்பு. ஈரம் பட்டால் வரும். புகை பட்டால் வரும். வந்தால் விலா எலும்புகள் உள்ளே போய் வெளியே வரும். அவள் மூச்சு விடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கும் மூச்சு முட்டும்.

அன்றிரவு மழை ஆரம்பித்தது.

மூன்று இடத்தில் ஒழுகியது. குண்டான், பக்கெட்டு, அலுமினியத் தட்டு என்று வைத்தாள். பிறகு ஒழுகும் இடத்தை எண்ண முடியவில்லை. காலையில் ஹம்சா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தாள். படுக்க முடியவில்லை. வாய் திறந்திருந்தது.

கரீமுல்லா ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் கனகராஜின் சிநேகிதன். தேர்தலுக்கு அவன்தான் ஏஜென்ட்.

"ஏத்து நைனா. ஆஸ்பத்திரில வுட்டுட்டு வரேன். சவாரியே இல்ல இன்னிக்கி."

கனகராஜ் ஆட்டோவைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். குழாயடியில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள்.

"பஸ்ஸுல போயிக்கட்டும்," என்றான்.

"லூசாப்பா நீ? நான் துட்டா கேட்டேன்?"

"நீ கேக்கல. பாக்கறவங்களுக்கு அது தெர்யாது. நேத்துவரைக்கும் பஸ்ஸு, நிக்கறான்னதும் ஆட்டோன்னு சொல்வாங்க."

தங்கபுஷ்பம் குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு லஸ் முனைவரை நடந்து பஸ் ஏறினாள். எழும்பூர் ஆஸ்பத்திரியில் புகை மாதிரி ஒரு மருந்தை முகத்தில் வைத்தார்கள். ஹம்சா கொஞ்சம் நிமிர்ந்தாள். மாத்திரை கொடுத்தார்கள். ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா. தங்கபுஷ்பம் சரி என்றாள்.

அவள் வேலை செய்வது வடக்கு மாடவீதியில், ஜானகி என்ற அம்மாள் வீட்டில். ஜானகி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் ராகவேந்திரன் நாள் முழுக்கப் பேப்பர் படிப்பார்.

"ஏன் புஷ்பம், நின்னுண்டே தூங்கறே?" என்றாள் ஜானகி.

"கொயந்தைக்கி இளைப்பும்மா. மேல ஒயுகுது. அவங்கப்பாவ நம்பி ஜனம் கீது. அதனால நாங்க ஒயுகணும்."

ஜானகி அதற்குச் சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

"எங்காத்து ஓட்டு ரெண்டும் உன் புருஷனுக்குத்தான். அவர் மூஞ்சியைக்கூட நான் பார்த்ததில்லை. நீ இத்தனை வருஷமா வரே, ஒரு ஸ்பூன் இடம் மாறினதில்லை. எனக்கு அது போறும்."

பிறகு அவளே மாடிக்குப் போனாள். மொட்டைமாடியில் தட்டோடு பதிக்கும் வேலை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சிமெண்ட் மூட்டை மேல் போட்டிருந்ததை மடித்து எடுத்து வந்தாள்.

"இது இனிமே இங்க எதுக்கு. எடுத்துண்டு போ."

நீலத் தார்ப்பாய்.

தங்கபுஷ்பம் கையை நீட்டவில்லை.

"வேற கலர்ல இல்லையாம்மா?"

"தார்ப்பாய்ல என்னடி கலர் பார்க்கறே?"

தங்கபுஷ்பம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெளியே தூறல் தடித்துக்கொண்டிருந்தது. ஹம்சா கரீமுல்லா வீட்டில் இருந்தாள். அங்கேயும் ஒழுகும், கொஞ்சம் குறைவாக. அவள் தார்ப்பாயை வாங்கித் தலைமேல் போட்டுக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் அது அவளை நனையாமல் கொண்டுபோனது.

கனகராஜ் அப்போது ஓட்டுக் கேட்டு வார்டின் மறுகோடியில் உள்ள தெருக்களில் இருந்தான். அவள் அவனைக் கேட்கக் காத்திருக்கவில்லை. கரீமுல்லாவின் மனைவி அஸ்மத்துன்னிசாவைக் கூப்பிட்டாள். இருவரும் ஸ்டூல் போட்டு ஏறித் தார்ப்பாயை விரித்தார்கள். அதே கற்களை எடுத்து ஓரத்தில் வைத்தார்கள்.

"இந்தக் கலரு," என்றாள் அஸ்மத்துன்னிசா.

"தெர்யும்."

"அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"சொல்வாரு."

உள்ளே இருட்டானது. சொட்டு நின்றது. ஓலையில் தங்கியிருந்த தண்ணீர் வடிந்து முடிய ஒரு மணி நேரம் ஆனது. தங்கபுஷ்பம் தரையைத் துடைத்துப் பாய் போட்டாள். ஹம்சா அன்று மத்தியானம் வாயை மூடிக்கொண்டு தூங்கினாள். தங்கபுஷ்பம் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூடிய வாயைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவளும் தூங்கிப்போனாள்.

விழித்தபோது வெளியே குரல்கள்.

கனகராஜ் வாசலில் நின்றிருந்தான். அவனுக்கு எதிரே தாயம்மா. அவளுக்குப் பின்னால் தோட்டம்.

"இன்னா நைனா," என்றாள் தாயம்மா, மெதுவாக. "பிள்ளையார் தோட்டத்துல வாங்கினியா, டெம்போ திரும்பி வந்துச்சா?"

கனகராஜ் கூரையைப் பார்த்தான். அப்போதுதான் பார்க்கிறான் என்று முகத்தில் எழுதியிருந்தது. அதை யாரும் படிக்கவில்லை.

"எனக்குத் தெர்யாது," என்றான்.

ஒருத்தி சிரித்தாள். "ஊட்டுக் கூர மேல கீது, ஊட்டுக்காரனுக்குத் தெர்யாதாம்."

தங்கபுஷ்பம் வெளியே வந்தாள். "நான்தான் போட்டேன். நான் வேல செய்யற ஊட்டுல குடுத்தாங்க."

"அந்த ஊட்டுலயும் அதே நீலமா?"

"அதே நீலம்தான்."

"அவங்க உங்கூட்டுக்கு மட்டும் குடுத்தாங்க. எங்களுக்குக் குடுக்க வந்தத உன் புருஷன் திருப்பி அனுப்பிச்சான்." தாயம்மாவின் குரல் உயரவில்லை. "என் பேரன் நேத்து ஈரத்துலதான் படுத்தான். நான் அவன் பேச்ச நம்பி வேணாம்னேன். நான் சொன்னேன்னு இவளுங்க வேணாம்னாளுங்க."



"நாளைக்கி அந்த அம்மாவையே இட்டுக்கினு வரேன்," என்றாள் தங்கபுஷ்பம்.

"இட்டுக்கினு வா, பாப்போம்."

மறுநாள் காலை அவள் ஜானகியின் காலடியில் உட்கார்ந்து கேட்டாள். ஒரு தடவை வந்து சொன்னால் போதும். நான்தான் கொடுத்தேன் என்று. அவ்வளவுதான்.

ஜானகி புடவை மாற்றிக்கொள்ளப் போனாள். ராகவேந்திரன் பேப்பரை இறக்கினார்.

"போகாதே, ஜானகி. உனக்காகச் சொல்லலை. அவாளுக்காகச் சொல்றேன்."

"நடந்ததைச் சொல்றதுக்கு என்ன?"

"நடந்ததுன்னு உனக்குத் தெரியும். அவா நம்பணுமே."

ஜானகி போனாள். முகப்பில் தயங்கவில்லை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தாள். ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தாள். கனகராஜ் வீட்டு வாசலில் நின்று, வகுப்பில் பேசுவதுபோல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இந்தத் தார்ப்பாய் எங்காத்துது. மாடி வேலைக்கு வாங்கினது. நான்தான் நேத்து இவகிட்ட குடுத்தேன். எந்தக் கட்சிக்காரனும் குடுக்கலை. இவர் கேக்கவும் இல்லை. சத்தியம்."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. தாயம்மா தலையை ஆட்டினாள். ஜானகி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். தங்கபுஷ்பம் அவள் செருப்பைத் தேடி எடுத்து, குழாயில் கழுவிக் கொடுத்தாள். சாலைவரை கொண்டுவிட்டுத் திரும்பினாள்.

திரும்பும்போது குழாயடியில் பேச்சு கேட்டது.

"வேலைக்காரி ஊட்டுக் கூரைக்காக ஒரு ஐயரூட்டம்மா சேத்துல எறங்கி வருமா?"

"செருப்பு போனாலும் பரவாலன்னு வந்துச்சு பாத்தியா."

"அவ்ளோ பெரிய எடத்துலேர்ந்து ஆளு அனுப்பிக்கீறாங்கன்னா இன்னா அர்த்தம்?"

"தார்ப்பாயி சின்ன விசயம்மே. அதுக்கு மேல எத்தினியோ வாங்கிக்கீறான்."

தங்கபுஷ்பம் நின்றாள். அவர்கள் அவளைப் பார்த்துவிட்டுக் குடங்களைத் தூக்கினார்கள். அவள் வாயைத் திறந்தாள். இனி யாரைக் கூட்டிவந்து என்ன சொல்ல வைப்பது என்று தெரியவில்லை. மூடிக்கொண்டாள்.

தாயம்மா மட்டும் நேராக வந்து கனகராஜிடம் பேசினாள்.

"அந்தம்மா சொன்னது நெஜமோ பொய்யோ, எனக்குத் தெர்யாது. எனக்குத் தெர்ஞ்சது ஒண்ணுதான். கயட்டு. நாங்க நனையிறோம், நீயும் நனை. அப்பால நம்பறோம்."

கனகராஜ் ஸ்டூலை எடுத்தான்.

தங்கபுஷ்பம் தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "யோவ். உள்ள கொயந்த கீது."

"தெர்யும்."

"தெர்ஞ்சி கயட்டறியா?"

அவன் ஸ்டூலின் மேல் நின்றபடி அவளைப் பார்த்தான். "நான்தான அவங்கள வாங்காதீங்கன்னேன். அவங்க கொயந்தைங்களும் நனையுது, புஷ்பம். அத்த நான் இன்னான்னு சொல்றது?"

அது நியாயம். அவளுக்கு அது தெரிந்தது. ஓரத்தை விட்டுவிட்டாள். அவன் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தான். தார்ப்பாயை மடித்தான். மீன்பாடி வண்டியில் போட்டு மிதித்துக்கொண்டு மாடவீதிக்குப் போனான். தெரு அவனைப் பார்த்தது.

தூறல் மழையானது.

இரண்டு நாள் விடாமல் பெய்தது. ஹம்சாவை மூலைக்கு மூலை மாற்றிப் படுக்கவைத்தார்கள். எல்லா மூலையும் நனைந்தது. அஸ்மத்துன்னிசா வீட்டில் முழங்கால்வரை தண்ணீர். தாயம்மா தன் வீட்டுக் கட்டிலில் படுக்கவை என்றாள். அந்தக் கட்டிலின் மேலேயும் ஒழுகியது.

ஜானகி கேள்விப்பட்டு, குழந்தையைத் தன் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள். "ரேழியில இடம் இருக்கு. தேர்தல் முடியறவரைக்கும் இருக்கட்டும்."

தங்கபுஷ்பம் ஓடிவந்து கனகராஜிடம் சொன்னாள். அவன் நோட்டீஸ் மூட்டையை நனையாத இடம் தேடி வைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான்.

"நாளன்னிக்கி ஓட்டு," என்றான்.

"அதுக்கு?"

"அவன் கொயந்த மாடவீதில படுத்துக்கினு கீது, நம்ப கொயந்த சேத்துலன்னு சொல்வாங்க."

"சொல்லட்டும்."

"ரெண்டே நாளு, புஷ்பம். மாத்தர குடுக்கறல்ல?"

"குடுக்கறேன்."

"கேக்குதா?"

"கேக்கல."

அவன் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினான். ஹம்சா அவனைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். சிரிக்க மூச்சு போதவில்லை. அவன் தடவிக்கொண்டே இருந்தான். அவன் கண்கள் நனைந்திருந்தன. கூரைத் தண்ணீர் என்று தங்கபுஷ்பம் நினைத்தாள். பிறகு அப்படி இல்லை என்று தெரிந்தது. தெரிந்தும் அவளுக்குக் கோபம் குறையவில்லை. அழுகிறவன் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம்.

மறுநாள் மத்தியானம் ஹம்சாவின் உதடு நீலமானது. நகமும்.

கனகராஜ் வீட்டில் இல்லை. தங்கபுஷ்பம் குழந்தையை வாரிக்கொண்டு சேற்றில் ஓடினாள். கரீமுல்லாவின் ஆட்டோ முகப்பில் நின்றது. யாரையும் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்தாள். குழாயடியில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"ஓட்டு," என்றாள்.

கரீமுல்லா ஓட்டினான்.

எழும்பூரில் குழந்தையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். முகத்தில் மாஸ்க் வைத்தார்கள். கையில் ஊசி ஏற்றினார்கள். முன்பே கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டரம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று தங்கபுஷ்பத்துக்கு இருந்தது. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, நாளை வரை பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள்.

கனகராஜ் சாயங்காலம் வந்தான். முழுக்க நனைந்திருந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்றான். மாஸ்க்குக்குள் ஏறி இறங்கும் மூச்சைப் பார்த்தான்.

விடியும்வரை இருவரும் இருந்தார்கள். ஜன்னலில் வெளிச்சம் வந்ததும் அவன் வாயைத் திறந்தான்.

"ஓட்டுப் போட வா, புஷ்பம். பொண்டாட்டியே வரலன்னு ஆயிடும்."

"இவள வுட்டுட்டா?"

"அஸ்மத் வருது. ஒரு மணி நேரம். பஸ்ஸுல வந்துட்டுப் போயிடு."

அவள் மாஸ்க்கின் ரப்பரைச் சரிசெய்தாள்.

"இப்ப நம்பறாங்க," என்றான். "நேத்து சாயங்காலம் தாயம்மா வந்து கையப் புடிச்சிக்கினா. எல்லாரும் வந்தாங்க."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தூங்காத முகம். மகளுக்காகக் கலங்கிய முகம். அதில் ஓர் ஓரத்தில் நிம்மதி இருந்தது. அவள் பார்த்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

ஓட்டுச்சாவடி மாநகராட்சிப் பள்ளியில். மழை விட்டிருந்தது. பெண்கள் வரிசை கேட் வரை நின்றது. தங்கபுஷ்பம் வந்ததும் பேச்சு நின்றது. தாயம்மா அவளை இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டாள்.

"கொயந்த எப்டிக் கீது?"

"ஆக்சிஜன் வெச்சிக்கீறாங்க."

"மாரியாத்தா பாத்துப்பா." தாயம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் ராத்திரி தூங்கல. இத்தினி பேர்கிட்டயும் நான்தான் சொன்னேன். சொந்தக் கொயந்தைக்கி மூச்சு முட்டறப்பவும் அவன் திருப்பி மேல போடல பாரு. வாங்கினவன் கை சும்மா இருக்குமா? இதுக்கு மேல ஒரு ஆம்பள இன்னாத்த காட்டணும்?"

"அதான்," என்றாள் பின்னால் நின்றவள். "நான்கூட சந்தேகப்பட்டேன். நேத்து நீ ஆட்டோல ஓடறப்ப அந்தக் கொயந்த கையப் பாத்தேன், தொங்கிக்கினு இருந்துச்சு. அப்பவே தெர்ஞ்சிபோச்சு, மெய்யாவே ஒண்ணியும் வாங்கலன்னு."

"எல்லாரும் தையல் மிஷினுக்குத்தான் குத்தப்போறோம்," என்றாள் தாயம்மா. "நீ ஒண்ணியும் கவலப்படாத."

அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். ஒருத்தி அவள் தோளில் கை வைத்தாள். ஒருத்தி குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். தங்கபுஷ்பம் தண்ணீரை வாயில் ஊற்றினாள். மீதியை அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

வரிசை நகர்ந்தது. உள்ளே கரீமுல்லா ஏஜென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். விரலில் மை வைத்தார்கள். இரண்டு சீட்டு கொடுத்தார்கள். மேயருக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனாள். மேசையில் சீலும் மைப்பெட்டியும் இருந்தன.

மேயர் சீட்டில் எங்கேயோ ஒன்றில் குத்தினாள்.

அடுத்ததை விரித்தாள். பெயர்களைப் படிக்கத் தெரியாது. படங்கள் தெரியும். தையல் மிஷின் கீழிருந்து இரண்டாவது. சீலை மையில் வைத்து எடுத்தாள்.

அவன் வாங்கவில்லை. இந்த வார்டில் அது சந்தேகமில்லாமல் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் அரிசி மூட்டையைப் பார்த்தார்கள். கூரையைப் பார்த்தார்கள். நேற்று ஹம்சாவின் கையைப் பார்த்தார்கள். அவளுக்கு எதையும் பார்க்க வேண்டியதில்லை. அவன் கை சுத்தம். நாளைக்கு ஜெயித்தாலும் சுத்தமாகத்தான் இருக்கும். அதைக் காட்ட வேண்டிய நாள் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் எதையாவது கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருக்கும். வீட்டில் அதற்கு வேறென்ன இருக்கிறது.

சீல் கையில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, ஆச்சா?" என்றார் அதிகாரி.

"ஆச்சு சார்."

சீலை மேசையில் வைத்தாள். குத்தாத சீட்டை நீளமாக மடித்தாள். பிறகு குறுக்கே மடித்தாள். வெளியே வந்து இரண்டு சீட்டையும் பெட்டியில் போட்டாள். கரீமுல்லா அவளைப் பார்த்துத் தலையாட்டினான்.

கனகராஜ் கேட்டுக்கு வெளியே, கயிறு கட்டியிருந்த இடத்துக்கு அப்பால் நின்றிருந்தான். சட்டை இன்னும் காயவில்லை. வரிசையில் இருந்த ஆண்கள் அவனுக்கு வணக்கம் வைத்தார்கள். அவன் அவளோடு வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றான்.

"சீலு சரியா வுயுந்துதா?" என்றான். "பாதி பேரு கோட்டு மேல குத்திடறாங்களாம். செல்லாதாம்."

"சரியா வுயுந்துது."

கனகராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். நம்பினான்.

எழும்பூர் பஸ் வந்தது. "நீ போ, நான் அடுத்த பூத்தப் பாத்துட்டு வந்துடறேன்," என்றான். அவள் ஏறிக்கொண்டாள்.